பத்து முதல் பதினாறு வரை எங்கே இருந்தாய்?

1

நாங்கள் மெல்போர்னில் குடியேறிய நாள் ஆனி மாதத்தில் வருகிறது. ஒவ்வோர் ஆண்டும் அந்த வாரத்தில் ஊர்ப் பத்திரிகை ஒன்றுக்கு நாலு பக்கம் எழுதி அனுப்புவது என் வழக்கம். சென்ற முறை இங்குள்ள குப்பைத் தொட்டி மூடிகளின் நிறங்களைப் பற்றி எழுதியிருந்தேன். படித்துவிட்டுத் திருநள்ளாற்றிலிருந்து ஒரு நண்பர், “இதைப் பார்க்கவா அவ்வளவு தூரம் போனீர்கள்?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. இந்த முறை ஒரு பந்து விளையாட்டின் விதியைப் பற்றி எழுதுகிறேன். குப்பைத் தொட்டியை விடப் பெரிய விஷயம் என்று சொல்லமாட்டேன். ஆனால் போன ஆடியில் அந்த விதியால் எங்கள் வீட்டில் யாருக்கும் சோறு இறங்கவில்லை.

முதலில் ஆட்டம். இங்கே ஃபுட்பால் என்றால் நாம் நினைப்பதல்ல. பந்து உரிக்காத தேங்காய் மாதிரி இரண்டு பக்கமும் கூம்பியிருக்கும். கிரிக்கெட் மைதானத்தில் ஆடுகிறார்கள். உதைக்கலாம், கையில் பிடித்துக்கொண்டு ஓடலாம், முஷ்டியால் குத்தி அடுத்தவருக்கு அனுப்பலாம். எறியத்தான் கூடாது. பந்து வைத்திருப்பவரைக் கட்டிப்பிடித்து நிறுத்தலாம். இரு கோடியிலும் நான்கு கம்பங்கள். நடுக் கம்பங்களுக்கு இடையே உதைத்தால் ஆறு புள்ளி. குறி தவறி ஓரத்துக் கம்பத்துக்குள் போனால் அதற்கும் ஒரு புள்ளி. தவறவிட்டதற்கு மதிப்பெண் தரும் ஆட்டத்தை நான் வேறெங்கும் கேள்விப்பட்டதில்லை.

என் மகள் இலக்கியாவுக்கு இருபது வயது. காரைக்கால் அரசு மருத்துவமனையில் பிறந்தாள். நான்கு வயதில் எங்களோடு இங்கே வந்தாள். எட்டு வயதிலிருந்து இந்தத் தேங்காயை உதைத்துக்கொண்டிருக்கிறாள். நான் யோசித்து யோசித்து வைத்த பெயரை அவளுடைய கிளப்பில் லக்கி என்று சுருக்கிவிட்டார்கள். வீட்டில் தமிழ் பேசுவாள். கோபம் வந்தால் ஆங்கிலம். அதனால் அடுத்த அறையில் இருந்தாலே அவள் மனநிலை எனக்குத் தெரிந்துவிடும்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் இந்தியப் பெண்கள் அணி ஒன்று இங்கே தொடங்கியது. படிக்கவும் வேலைக்கும் வந்த பெண்கள். மேலாளர் மௌமிதா, கொல்கத்தாக்காரர், ஆய்வகத்தில் வேலை. பல நாட்டு அமெச்சூர் அணிகள் கூடி ஆடும் போட்டி ஒன்று மெல்போர்னில் நடக்கவிருந்தது. அதற்குத்தான் தயாரானார்கள். பாதிப்பேருக்குப் பந்தைப் பிடிக்கவே தெரியாது. இலக்கியா சனிக்கிழமைதோறும் போய் உதைக்கச் சொல்லிக்கொடுத்தாள். எட்டாம் எண் சட்டை அவளுக்கு என்று பேச்சாகிவிட்டது. அவள் கிளப்பில் எல்லாரிடமும் சொல்லிவிட்டாள். பயிற்சியாளர் அறிவிப்புப் பலகையில் அவள் படத்தை ஒட்டி இந்தியக் கொடியும் வரைந்திருந்தார். சக்கரத்துக்குப் பதில் சூரியன். அவள் திருத்தச் சொல்லவில்லை.

ஒரு புதன்கிழமை, இலக்கியா ஆட முடியாது என்று போட்டிக் குழுவிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. சுமதி, என் மனைவி, செவ்வாய் என்கிறாள். புதன்தான்.

2

விதி இதுதான். ஒரு நாட்டுக்காக ஆட வேண்டுமென்றால் அந்த நாட்டில் பிறந்திருப்பது போதாது. பாஸ்போர்ட் போதாது. அப்பா அம்மா அந்த ஊர் என்பதும் போதாது. பத்து வயதிலிருந்து பதினாறு வயது வரையிலான காலத்தின் பெரும்பகுதியை அங்கே வாழ்ந்து வளர்ந்திருக்க வேண்டும்.

ரயிலில் போகும்போதும் வரும்போதுமாக இதை நான் பலமுறை படித்தேன். எழுதியவர் விவரம் தெரிந்தவர் என்பது புரிந்தது. பூர்வீகத்தை வைத்து ஆளெடுத்தால் என்ன ஆகும்? இங்கேயே வளர்ந்து இந்த ஆட்டத்திலேயே ஊறிய பிள்ளைகள் தாத்தா ஊரைச் சொல்லிக்கொண்டு எல்லா அணிகளிலும் நுழைந்துவிடுவார்கள். இருபது நாட்டுச் சட்டைகளில் மெல்போர்ன் பிள்ளைகள் மெல்போர்ன் பிள்ளைகளோடு ஆடுவார்கள். அதைத் தடுக்கத்தான் இந்த ஏற்பாடு.

ஆனால் சுருக்கிச் சொன்னால் இப்படி ஆகிறது: இந்த ஆட்டம் இல்லாத ஊரில் வளர்ந்திருந்தால் ஆடத் தகுதி உண்டு. ஆட்டம் இருக்கும் ஊரில் வளர்ந்து நன்றாகக் கற்றுக்கொண்டவருக்குத் தகுதி கிடையாது.

“அப்ப ஆஸ்திரேலியா டீம்ல சேரலாம்ல?” என்று சுமதி கேட்டாள்.

“இந்தப் போட்டியில ஆஸ்திரேலியா டீமே கெடையாதும்மா” என்றாள் இலக்கியா. “அவங்க வந்தா மத்தவங்க யாரும் ஜெயிக்க முடியாதுன்னு அவங்க வர்றதில்ல.”

“அப்ப ஒனக்கு எந்த நாடு?”

இலக்கியா ஆங்கிலத்தில் ஏதோ சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

விதியில் ஒரு சின்ன இடைவெளி இருந்தது. ஐயமுள்ள நேர்வுகளில் குழு விசாரித்து முடிவெடுக்கும் என்று ஒரு வரி. இலக்கியாவுக்குப் பன்னிரண்டு வயதானபோது என் மாமனார் படுத்த படுக்கையாகி, சுமதியும் அவளும் காரைக்கால் கோவில்பத்தில் ஒரு கல்வியாண்டு முழுக்கத் தங்கினார்கள். அங்கே பள்ளிக்கும் போனாள். அதற்குமேல் விடுமுறைகள். இதையெல்லாம் கூட்டினால் பெரும்பகுதி ஆகுமா? கணக்குப்படி ஆகாது. ஆனால் காரைக்காலில் வளர்ந்தவனிடம் இருப்பிடம் பற்றி ஒரு விதியைக் காட்டினால் அவன் கணக்குப் பார்க்கமாட்டான். சாட்சி தேடுவான்.

3

இதை ஊர் வாசகர்களுக்கு விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். காரைக்காலைச் சுற்றி தமிழ்நாடு. எங்கள் தலைநகர் புதுச்சேரி. அங்கே போக வேண்டுமானால் எங்கள் எல்லையைத் தாண்டி, இன்னொரு மாநிலத்துக்குள் நாலு மணி நேரம் பஸ்ஸில் போய், மறுபடி எங்கள் எல்லைக்குள் நுழைய வேண்டும். கல்லூரி இடங்களில் காரைக்கால் பகுதிக்கென்று ஒதுக்கீடு உண்டு. ஆகவே யார் காரைக்கால்காரர், எத்தனை ஆண்டாகத் தொடர்ந்து குடியிருக்கிறார் என்பது எங்களுக்கு உயிர்ப் பிரச்சினை. எல்லைக்கு அந்தப் பக்கத்து ஆட்கள் இந்தப் பக்கம் வீடு பிடித்து, வாசலில் கோலம் மட்டும் தினம் போடவைத்த கதைகளை எல்லாரும் கேட்டிருப்போம்.

சந்தேகம் வந்தால் விசாரணைக்கு ஆள் வருவார். அக்கம்பக்கத்தில் கேட்பார். அதுதான் முக்கியம். எனக்குக் கல்லூரியில் இடம் கிடைத்தபோது சுரக்குடியில் எங்கள் தெருவே வாசலுக்கு வந்து நின்றது. “பொறந்ததுலேருந்து பாக்குறோம் சார்” என்று பத்துப்பேர் ஒரே குரலில் சொன்னார்கள். அதில் இரண்டுபேர் அந்த வருடம்தான் தெருவுக்குக் குடிவந்தவர்கள்.

ஆகவே எங்கள் முறையீட்டை ஏற்று விசாரணைக் குழு வீடியோவில் பேசலாம் என்று தேதி கொடுத்ததும் நான் சுமதியின் அண்ணன் முருகையனுக்குப் போன் செய்தேன். மின்துறையில் எழுத்தர். கோவில்பத்து வீட்டில் இருப்பவர்.

“இவ்வளவுதானா மாப்ள? நான் என்னமோ ஏதோன்னு பயந்துட்டேன். அக்கம்பக்கத்துல எல்லாரையும் கூட்டி வச்சிர்றேன். சனிக்கெழம லீவுதான்.”

“மச்சான், இது நம்ம ஊரு ஆபீஸ் இல்ல. ரொம்பக் கூட்டம் வேணாம்.”

“கூட்டம் இல்லாட்டி அவங்க நம்பமாட்டாங்க மாப்ள. நீங்க சும்மா இருங்க.”

4

இங்கே சனிக்கிழமை பிற்பகல், அங்கே காலை. எங்கள் சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியை வைத்து இலக்கியா நடுவில் உட்கார்ந்தாள். நானும் சுமதியும் ஓரத்தில். திரையில் ஒரு கட்டத்தில் மௌமிதா. இன்னொன்றில் பிரெண்டா என்ற மூதாட்டி, ஓய்வுபெற்ற ஆசிரியை. சம்பளமில்லாமல் தகுதி விசாரணைப் பொறுப்பைப் பார்ப்பவர். நல்ல மனுஷி, மடியில் பூனை. மூன்றாவது கட்டத்தில் முருகையன் வேட்டியும் அலுவலகத்துக்குப் போடும் வெள்ளைச் சட்டையுமாக. அவருக்குப் பின்னால் வாசல் நிறைய ஆட்கள்.

பிரெண்டா முதலில் காரைக்கால் எங்கே இருக்கிறது என்று கேட்டார். புதுச்சேரியைச் சேர்ந்தது என்றேன். புதுச்சேரிக்குப் பக்கத்திலா? இல்லை, நடுவில் தமிழ்நாடு. அப்படியானால் தமிழ்நாட்டில் இருக்கிறதா? இல்லை, தமிழ்நாடு அதைச் சுற்றி இருக்கிறது. அவர் கொஞ்சம் யோசித்து, “இந்தியாவில்தானே?” என்றார். ஆம் என்றேன். முன்பு பிரெஞ்சுக்காரர்களிடம் இருந்தது என்று நான் சேர்த்திருக்க வேண்டியதில்லை. ஒரு விவரம் தெரிந்தால் சொல்லாமல் இருக்க எனக்கு வருவதில்லை. “ஓ, பிரான்ஸ் அணிக்கும் ஆள் குறைகிறது” என்றார் அவர் ஆர்வமாக. மௌமிதா வேகமாகப் பேச்சை மாற்றினார்.

முருகையனுக்கு ஆங்கிலம் எழுத வரும், பேச வராது. மொழிபெயர்ப்பவர் வேண்டும். நான் தகப்பன்; என்னை நடுநிலை என்று சொல்ல முடியாது. இலக்கியாவோ வழக்குக்கு உரியவளே. ஆனால் பிரெண்டா, “இவளே சொல்லட்டும், எனக்கு இவளிடம் நம்பிக்கை இருக்கிறது” என்றுவிட்டார். அந்த ஒரு சொல்லில்தான் எல்லாம் போனது என்று சுமதி இன்றும் சொல்கிறாள்.

“உங்கள் மருமகள் அங்கே எவ்வளவு காலம் வாழ்ந்தாள்?” என்று பிரெண்டா முருகையனைக் கேட்டார்.

“அஞ்சு வருஷம்னு போட்டுக்கச் சொல்லு பாப்பா” என்றார் முருகையன். “நம்ம ஊருல அஞ்சு வருஷந்தானே கேப்பாங்க.”

இலக்கியா திரையைப் பார்த்தாள். பிறகு ஆங்கிலத்தில், “ஐந்து வருடம் என்று எழுதிக்கொள்ளச் சொல்கிறார். அவர்கள் ஊரில் அவ்வளவுதான் கேட்பார்களாம்” என்றாள்.

சுமதி அவள் தொடையில் கிள்ளியது எனக்குத் தெரிந்தது.

பிரெண்டா ஏதோ எழுதிக்கொண்டார். “வேறு யாராவது?”

கேஸ் சிலிண்டர் போட வந்தவரை முருகையன் கையைப் பிடித்து இழுத்துவந்து நிறுத்தினார். அவர் தலையைத் துண்டால் துடைத்துக்கொண்டு, “நமக்கு அவ்வளவா பழக்கமில்லைங்க. ஆனா முருகையன் சாரு சொன்னா சரியாத்தாங்க இருக்கும்” என்றார். இலக்கியா அதையும் அப்படியே சொன்னாள். பிரெண்டா அவருக்கு நன்றி சொன்னார். அவர் போய்விட்டு, மறுபடி வந்து, சிலிண்டரை எங்கே வைப்பது என்று கேட்டார்.

அடுத்து பானுமதி அக்கா. பக்கத்து வீடு. கல்வியாண்டு முழுக்க இலக்கியாவுக்கு மதியச் சோறு இவர் வீட்டில்தான். அவளை இவர் பெற்ற பிள்ளையாகத்தான் நினைக்கிறார். பட்டுப்புடவை கட்டியிருந்தார்.

“பாப்பா இங்கதாங்க வளந்துச்சு” என்று ஆரம்பித்தார். “நாந்தான் பாத்துக்கிட்டேன். லேசுப்பட்ட காரியமா? வந்த மூணாம் நாளே வயித்தால போயிடுச்சு. ஊருத் தண்ணி ஒத்துக்கல. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடி குளுக்கோஸ் ஏத்துனோம். அதுலேருந்து கேன் தண்ணிதான். வெயில்ல நின்னா வெள்ளைக்காரப் புள்ள மாதிரி செவந்துபோயிரும். காரம் ஆவாது. ராத்திரியில பல்லிய பாத்து அலறும். அப்பறம் எப்ப வந்தாலும் அதே கததான், ஒவ்வொரு தடவையும் வயித்தால போவும். அப்படிப் பாத்துக்கிட்டேங்க.”

“அக்கா, அதையெல்லாம் சொல்லாதீங்க” என்று பின்னாலிருந்து முருகையன் கிசுகிசுத்தார்.

இலக்கியா நான்கு மாதங்கள் சொல்லிக்கொடுத்த பெண்கள், அறிவிப்புப் பலகை, எட்டாம் எண் எல்லாம் அந்த நேரத்தில் அவள் நாக்கில்தான் இருந்தன. நல்ல உபசரிப்பு கிடைத்தது என்கிறார் என்று சொல்லியிருக்கலாம். அதுவும் பொய்யில்லை. பிரெண்டாவுக்கும் மௌமிதாவுக்கும் தமிழ் தெரியாது.

அவள் தண்ணீர், குளுக்கோஸ், வெயில், மிளகாய், பல்லி என்று ஒன்று விடாமல் வரிசையாகச் சொன்னாள். கடைசியில், “இதையெல்லாம் சொல்ல வேண்டாம் என்று மாமா கேட்டுக்கொள்கிறார்” என்பதையும் சொன்னாள்.

பிரெண்டா பூனையைக் கீழே இறக்கிவிட்டார். “கண்ணே, அந்த அம்மாளுக்கு உன்மேல் உயிர்” என்றார். பிறகு, “ஆனால் விருந்தாளியைத்தான் அப்படிப் பார்த்துக்கொள்வார்கள்” என்றார்.

அதுதான் தீர்ப்பு. ஆடத் தகுதி இல்லை.

இதுவரை பேசாத சுமதி மடிக்கணினியைத் தன் பக்கம் திருப்பினாள். அவள் முதியோர் இல்லத்தில் பராமரிப்பாளர். ஆங்கிலத்துக்குப் பயப்படுகிறவள் இல்லை. “நான் அந்த வீட்டில்தான் வளர்ந்தேன். பத்திலிருந்து பதினாறு வரை ஒருநாள் அந்த ஊரைத் தாண்டவில்லை. நாகூருக்குப் போனதைத் தவிர. அந்தத் தண்ணீரைத்தான் குடித்தேன். இவளை வளர்த்தது நான். அது கணக்கில் வராதா?”

“அவளுக்கு வராது” என்றார் பிரெண்டா. பிறகு கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு சுமதியைப் பார்த்தார். “உங்களுக்கு வரும். மேல் வயது வரம்பு எதுவும் இல்லை.”

மௌமிதாவின் கட்டத்தில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. இலக்கியா போனால் அவர் அணியில் குறைந்தபட்ச ஆட்களுக்கு ஒருவர் குறைவு. ஆள் குறைந்தால் ஆடாமலே தோற்றதாகும்.

“சுமதி தீதி,” என்றார் மௌமிதா மெல்ல, “உங்களுக்கு முழங்கால் எப்படி?”

5

இரண்டு நாட்கள் இலக்கியா எங்களோடு ஆங்கிலத்தில்தான் பேசினாள். கிளப்புக்குப் போய்த் தானே பலகையிலிருந்து படத்தை எடுத்துவந்தாள் என்று பிறகு தெரிந்தது. சூரியன் வரைந்த கொடி மட்டும் அங்கேயே இருந்ததாம்.

மூன்றாம் நாள் வேலையிலிருந்து வந்து சுமதி உடை மாற்றிக்கொண்டிருந்தபோது இலக்கியா அறை வாசலில் பந்தோடு நின்றாள்.

“அம்மா, ஒனக்கு எந்தக் கால் வாட்டம்?”

“எதுக்குடி?”

“அந்தப் பொண்ணுங்களுக்கு ஆள் கொறையுது. நீ வந்து நின்னாத்தான் ஆடமுடியும். வா.”

“நாப்பத்தாறு வயசுல அரட்ராயர் போட்டுக்கிட்டு ஓடச் சொல்றியா?”

“லெக்கின்ஸ் போட்டுக்க. ஓடவெல்லாம் வேணாம். வர்ற ஆளப் புடிச்சு நிறுத்து. ஹோம்ல தாத்தா பாட்டியையெல்லாம் தூக்குறல்ல, அதேதான்.”

பின்கட்டில் துணிக்கொடிக்குக் கீழே பயிற்சி நடந்தது. மகள் ஓடிவருவாள், தாய் கட்டிப்பிடிக்க வேண்டும். முதல் சில நாட்கள் சுமதி பிடித்துவிட்டு முதுகைத் தடவிக்கொடுத்தாள். அதைக் கைவிட வைப்பதற்கு ஒரு வாரம் ஆயிற்று. நான் சன்னல் வழியே பார்த்து, என்னென்ன நடந்தது என்று குறித்துக்கொண்டேன். இலக்கியா சில சமயம் தன் பழைய கோபத்தையும் சேர்த்து வேகமாக ஓடிவந்தாள் என்பது என் எண்ணம். சுமதிக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். அப்போதெல்லாம் பிடித்த மகளை விடுவிக்க அவளுக்கு நேரமானது.

போட்டி நாளில் மழைத்தூறல். எட்டாம் எண் சட்டை சுமதிக்கு இறுக்கமாக இருந்தது. விதி ஆட்டக்காரர்களுக்கு மட்டும்தான். பயிற்சியாளரின் சொல்லை மைதானத்துக்குள் ஓடிப்போய்ச் சொல்லிவரும் ஆளுக்கு எந்த ஊரில் வளர்ந்தாலும் தடையில்லை. மௌமிதா அந்த வேலையை இலக்கியாவுக்குக் கொடுத்தார். உடம்பில் இளஞ்சிவப்பு மேலங்கி. சொல்லிவிட்டு உடனே வெளியேறிவிட வேண்டும் என்பது நிபந்தனை.

எதிரணி ஒரு தீவு நாடு. எல்லாரும் என்னைவிட உயரம். நம் பெண்கள் நன்றாகவே ஆடினார்கள், தோற்றார்கள். புள்ளிகளை எழுதி ஊரில் யாரையும் வருத்தப்படுத்த வேண்டியதில்லை. சுமதி பின்வரிசையில் கம்பத்தடியில் நின்றாள். பந்தோடு வந்த ஒரு பெரிய பெண்ணை இடுப்போடு வளைத்துப் பிடித்துத் தரையில் உட்காரவைத்தாள். நடுவர் விசில் ஊதியதும் கையைக் கொடுத்துத் தூக்கிவிட்டு, “தலை சுத்துதாம்மா?” என்று தமிழில் விசாரித்தாள். அந்தப் பெண் அதற்குப் பிறகு அந்தப் பக்கம் பந்தோடு வரவில்லை.

இலக்கியா நிமிடத்துக்கொரு தரம் உள்ளே ஓடினாள். மௌமிதா இவ்வளவு செய்தி அனுப்பியிருக்க முடியாது. வேலியோரம் நின்ற எனக்குக் கேட்டது:

“அம்மா, இடதுபக்கம் நகரு. அவ அந்தக் கால்லதான் ஒதைப்பா.”

“மூச்சு வாங்குதுடி.”

“கொஞ்சம் உக்காரேன்.”

“நான் உக்காந்தா யாரு நிக்கிறது? போடி, அம்பயர் பாக்குறாரு.”

நடுவர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். வெளியே போகும்படி கை காட்டினார். அவள் கோடு வரை ஓடிவந்து, பாதம் கோட்டுக்கு உள்ளேயா வெளியேயா என்று ஒருதரம் குனிந்து பார்த்து, வெளியே எடுத்து வைத்துக்கொண்டு நின்றாள்.

6

சுமதியின் படத்தை முருகையனுக்கு அனுப்பினேன். இந்தியச் சட்டையில், முழங்காலில் சேறு. அவர் அதை அலுவலகத்தில் எல்லாருக்கும் காட்டியிருக்கிறார். எழுத்தர் வீட்டுப் பெண் இந்தியாவுக்கு ஆடுகிறாள் என்று இரண்டு பேர் வீட்டுக்கே வந்து வாழ்த்தினார்களாம். எந்த ஆட்டம் என்று யாரும் கேட்கவில்லை. இங்கே சுமதி ஒரு வாரம் மாடிப்படியில் பக்கவாட்டாக இறங்கினாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பானுமதி அக்கா வீடியோவில் வந்தார். வழக்கமாக என்ன குழம்பு என்றுதான் ஆரம்பிப்பார். அன்று நேராக, “பாப்பாவக் கூப்புடுங்க” என்றார். இலக்கியா போனை வாங்கிக்கொண்டாள்.

“ஏம் பாப்பா, நான் ஏதோ சொல்லப்போயித்தான் ஒன்ன சேத்துக்கலியாம்ல? ஒங்க மாமன் அன்னிலேருந்து எங்கிட்ட மொகங்குடுத்துப் பேசல.”

“இல்ல அத்தை.”

“பொய் சொல்லாத. நான் பாட்டுக்கு ஒளறிக் கொட்டிட்டேன். எனக்குச் சோறே எறங்கல.”

“அத்தை, நீங்க தமிழ்லதான சொன்னீங்க. அந்தம்மாவுக்கு ஒண்ணும் புரியல. இங்கிலீஷ்ல சொன்னது நாந்தான்.”

அந்தப் பக்கம் பால்காரரின் ஹாரன் கேட்டது.

“அப்ப நீ ஏண்டி சொன்ன?”

இலக்கியா போனை முகத்துக்குக் கிட்டே கொண்டுபோனாள். தமிழில்தான் சொன்னாள்.

“வயித்தால போனது நெசந்தானே அத்தை.”